விரதத்தில் விட்ட சிகரெட் ஏன் திரும்பி வருகிறது?

புகைப்பதை நிறுத்த முயல்வோருக்கு மனத்துணை ஏன் தேவை. நெகிரி செம்பிலானில் அதை எங்கே தேடலாம்

தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம் தோட்டத்து ஒட்டுக்கடைகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். 48 நாள் விரதம் இருந்து, காவடி எடுத்து, நேர்த்திக்கடனை நல்லபடியாக முடித்துவிட்டு வந்த ஒருவர் தே தாரிக் குடித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பர் பாக்கெட்டை நீட்டுவார். "ஒண்ணே ஒண்ணுதான்" என்று சொல்லி எடுத்துப் பற்றவைப்பார். ஒன்றரை மாதம் தொடாத சிகரெட் அன்று மாலைக்குள் நான்காகிவிடும். அடுத்த வாரம் பழையபடி ஒரு பாக்கெட்.

வீட்டில் முகங்கள் சுருங்கும். "சாமிக்காக 48 நாள் இருந்தவருக்கு, பிள்ளைகளுக்காக இருக்க முடியாதா?" என்று மனைவி கேட்பார். அந்தக் கேள்வி அவர் மனத்திலும் இருக்கும். "எனக்கு மனவுறுதி பத்தாது" என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே பதில். ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாள் விட்டவர்களும், தீமிதிக்கு விரதம் இருந்தவர்களும் சொல்லும் பதிலும் இதுவே.

அந்தப் பதில் சரியானது இல்லை. 48 நாள் விட்ட மனிதருக்கு மனவுறுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. விரதம் முடிந்த அன்று அவரைத் தாங்கிக்கொண்டிருந்த துணைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விலகிவிட்டன. அவற்றின் இடத்தில் வேறு எதுவும் வரவில்லை. புகைப்பதை நிறுத்துவதற்கு மனநல உதவி தேவை என்று மருத்துவர்கள் சொல்வது இந்த இடைவெளியை நிரப்பத்தான்.

உடம்பு கேட்பது எத்தனை நாள்?

சிகரெட் புகையில் உள்ள நிக்கோட்டின் சில விநாடிகளில் மூளைக்குப் போய்ச் சேர்கிறது. சுமார் 2 மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைகிறது. குறையக் குறைய மூளை அடுத்ததைக் கேட்கிறது. கிடைக்காவிட்டால் எரிச்சல், படபடப்பு, தூக்கக் கோளாறு, எதிலும் மனம் நிலைக்காமை, அதிகப் பசி, மனச்சோர்வு ஆகியவை தலைகாட்டும்.

இவை பெரும்பாலும் விட்ட முதல் நாளிலேயே தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். பிறகு படிப்படியாகக் குறைந்து 2 முதல் 4 வாரங்களில் பெரும்பாலானோருக்கு அடங்கிவிடும். இடையிடையே 'இப்போதே வேண்டும்' என்று வரும் கடுமையான ஆசையும் சில நிமிடங்களில் தணிந்துவிடக்கூடியது.

இந்தக் கணக்கை விரதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 41 அல்லது 48 நாள் முழுமையாக விட்டவர் உடம்பின் கடினமான கட்டத்தைத் தாண்டிவிட்டார். மாலையைக் கழற்றிய மறுநாள் அவரைச் சிகரெட்டிடம் இழுப்பது பழகிய இடமும், பழகிய நேரமும், பழகிய கூட்டமும், மனத்தில் அடக்கி வைத்த கவலையும்தான்.

விரத காலத்தில் இவற்றுக்கெல்லாம் மாற்று இருந்தது. தொடங்கும் தேதி முன்கூட்டியே தெரியும். கழுத்து மாலையையோ மஞ்சள் உடையையோ பார்த்து ஊரே மதிப்பளிக்கும். யாரும் சிகரெட்டை நீட்ட மாட்டார்கள். மது கிடையாது. அதிகாலைக் குளியல், மாலை வழிபாடு, பஜனை என்று நாளுக்கு ஓர் ஒழுங்கு இருக்கும். உடன் விரதம் இருப்பவர்கள் துணைக்கு இருப்பார்கள். இன்றைய மருத்துவம் 'நடத்தை ஆதரவு' என்று சொல்வதன் முக்கியப் பகுதிகள் இதில் ஏறக்குறைய எல்லாமே இருக்கின்றன. முடிவுத் தேதி ஒன்றும் இருக்கிறது என்பதுதான் இதில் உள்ள ஒரே குறை.

"டென்ஷனுக்குத்தான் பிடிக்கிறேன்"

புகைப்பவர்களில் பலர் சொல்லும் காரணம் இது. அவர்கள் பொய் சொல்லவில்லை. சிகரெட் பிடித்ததும் மனம் இலேசாவதை அவர்கள் உண்மையிலேயே உணர்கிறார்கள். எந்த டென்ஷன் தணிகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

வட்டிக்காரரிடம் கடன் வாங்கியவரை நினைத்துப் பார்க்கலாம். வட்டி கட்டிய அன்று நிம்மதியாகத் தூங்குவார். கடன் இல்லாதவருக்கு அந்த நிம்மதி தினமும் இருக்கிறது. சிகரெட்டும் அப்படித்தான். முந்தைய சிகரெட்டின் நிக்கோட்டின் குறைந்ததால் வந்த படபடப்பை அடுத்த சிகரெட் தணிக்கிறது. ஒரு நாளைக்கு 15, 20 முறை இந்த வட்டியைக் கட்டுகிறவருக்குச் சிகரெட்தான் தன்னைத் தாங்குகிறது என்று தோன்றுவது இயல்பு.

இதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. 2014ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வெளிவந்த ஆய்வு, அதுவரை நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. புகைப்பதை விட்டவர்களுக்குப் பதற்றம், மனச்சோர்வு, மன அழுத்தம் மூன்றும் குறைந்திருந்தன. தொடர்ந்து புகைத்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. ஏற்கெனவே மனநலப் பிரச்சினை இருந்தவர்களிடமும் இதே பலன் தெரிந்தது.

ஆனால் இந்தப் பலன் வாரங்கள் கழித்துத்தான் தெரியும். முதல் சில நாள்கள் நேர்மாறாக இருக்கும். பிள்ளை கேட்ட ஒரு கேள்விக்குச் சீறி விழுவார். இரவு 2 மணிக்கு விழித்துக்கொள்வார். காரணமில்லாமல் அழுகை முட்டும். 'பார், சிகரெட் இல்லாமல் எனக்கு ஆகாது' என்ற முடிவுக்கு வந்துவிடுவார். வீட்டில் இருப்பவர்களே பொறுக்க முடியாமல், "போய் ஒண்ணு பிடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவைப்பதும் உண்டு. அது உடம்பு நிக்கோட்டினை விட்டு விலகும் அறிகுறி, சில வாரங்களில் போய்விடும் என்று முன்பே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த நாள்களைக் கடப்பது எளிதாகும்.

தோட்டத்தின் சுமை

மனச்சுமை எல்லாமே நிக்கோட்டினால் வந்ததும் இல்லை. வாழ்க்கையிலிருந்து வரும் சுமை வேறு இருக்கிறது. தோட்டப்புறத்தில் புகைக்கும் பழக்கம் வேலையோடும் வாழ்க்கையோடும் பின்னிக் கிடப்பது.

பால்மரம் வெட்டிய காலத்தில் விடியாத இருட்டில் கொசுவை விரட்டச் சுருட்டோ பீடியோ பற்றவைத்தவர்கள் பலர். பெண்கள் வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொண்டார்கள். கித்தா போய்ச் செம்பனை வந்தது. நிரைகளுக்கிடையே தனியாகக் குலை வெட்டும் ஆளுக்குப் பேச்சுத்துணை கிடையாது. கையில் இருக்கும் சிகரெட்தான் ஓய்வு நேரத்தின் அடையாளம்.

நீலாயிலும் செண்டாயானிலும் தோட்டங்கள் இருந்த நிலங்களில் இன்று வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. லயத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடிபெயர்ந்தவர்கள் செனவாங், நீலாய் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை செய்கிறார்கள். பாதுகாவலர் வேலைக்குப் போனவர்கள் 12 மணி நேரம் நிற்கிறார்கள். நைட் ஷிப்டில் 'ஸ்மோக் பிரேக்' என்றால்தான் 5 நிமிடம் வெளியே போக முடியும். லயத்தில் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி அழுத கவலையைத் தாமானில் சொல்ல ஆளில்லை. கடன், வேலை பறிபோகும் பயம், வீடு காலி செய்யும் கவலை, குடும்பத் தகராறு என்று சிகரெட்டுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கும்.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 21.3 விழுக்காட்டினர் புகைத்தனர். ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 40 பேருக்கு மேல். 2023ஆம் ஆண்டு ஆய்வு, 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோய் இருப்பதாகக் கண்டது. 2019இல் இருந்ததைவிட இது இரு மடங்கு. இந்த இரண்டு கூட்டத்திலும் இருக்கும் ஒருவரிடம் 'விட்டுவிடு' என்று மட்டும் சொன்னால், அவர் விடுவதற்கு வழி சொன்னதாகாது.

செலவும் கவலையைக் கூட்டும். 20 சிகரெட் கொண்ட பாக்கெட்டின் சட்டபூர்வமான குறைந்தபட்ச விலை 12 ரிங்கிட். தினம் ஒரு பாக்கெட் என்றால் மாதம் 360 ரிங்கிட். 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு அது சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். கவலையைத் தணிக்க வாங்கும் பொருளே கடன் கவலையைக் கொண்டுவருகிறது.

மனநோய்க்கு மருந்து எடுப்பவர் விடலாமா?

'அவருக்கு ஏற்கெனவே மனம் சரியில்லை, சிகரெட்டையும் பிடுங்கிவிடாதீர்கள்' என்ற பேச்சு நம் குடும்பங்களில் உண்டு. பரிவோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பரிவு நோயாளியைப் புகையோடு விட்டுவிடுகிறது. மனநோய் உள்ளவர்களிடம் புகைப்பழக்கம் அதிகம். அவர்களின் ஆயுளைக் குறைக்கும் முக்கியக் காரணங்களில் புகையும் ஒன்று.

புகையை விட உதவும் மருந்துகள் மனத்தைக் கெடுக்கும் என்ற அச்சம் ஒரு காலத்தில் மருத்துவர்களிடமும் இருந்தது. 2016இல் லான்செட் இதழில் வெளியான 'ஈகிள்ஸ்' ஆய்வு 8,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மனநலப் பிரச்சினை உள்ளவர்கள். வரெனிக்லின், புப்ரோப்பியன் ஆகிய மாத்திரைகளும் நிக்கோட்டின் பட்டையும் போலி மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் கூடுதல் மனநலப் பாதிப்பை உண்டாக்கவில்லை என்று அது காட்டியது. அதே ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, வரெனிக்லின் மீது போட்டிருந்த கடும் எச்சரிக்கையை நீக்கியது.

ஆகவே மனநல மருந்து எடுப்பவரும் விடலாம். ஆனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு விட வேண்டும். இதற்குக் காரணம் இருக்கிறது. சிகரெட் புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டி, குளோசாப்பின், ஓலான்சாப்பின் போன்ற மனநல மருந்துகளை வேகமாகக் கரைத்துவிடுகின்றன. புகைப்பதை நிறுத்தியதும் அந்த வேகம் குறையும். முன்பு போதுமாக இருந்த அதே மாத்திரை அளவு இப்போது உடம்பில் அதிகமாகித் தூக்கக் கலக்கமும் வேறு பக்கவிளைவுகளும் வரலாம். மருத்துவருக்குத் தெரிந்தால் அளவை மாற்றித் தருவார். மாத்திரையைத் தானாக நிறுத்துவதோ குறைப்பதோ கூடாது.

காப்பிக்கும் இதே கணக்குதான். புகைப்பவர் உடம்பு காப்பியில் உள்ள காபீனை வேகமாகக் கரைக்கும். விட்ட பிறகு அதே ஐந்து கப் காப்பி-ஓ உடம்பில் நீண்ட நேரம் தங்கும். கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை வரும். பலர் அதைச் சிகரெட் ஏக்கம் என்று நினைத்துத் தோற்றுப்போகிறார்கள். விட்ட முதல் வாரங்களில் காப்பியையும் தேநீரையும் பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது.

கிளினிக்கில் என்ன நடக்கும்?

அரசாங்கச் சுகாதார கிளினிக்குகளில் 'கிளினிக் பெர்ஹெந்தி மெரோக்கோக்' என்ற புகை நிறுத்தச் சேவை நடக்கிறது. 2015இல் 'எம்குயிட்' என்ற பெயரில் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் இதில் இணைக்கப்பட்டன. சுகாதார அமைச்சின் 'ஜோம்குயிட்' இணையத்தளத்தில் பக்கத்தில் உள்ள இடத்தைத் தேடலாம். இணையம் பழக்கமில்லாதவர்கள், பிரஷர், இனிப்பு நீர் மருந்து எடுக்கப் போகும் கிளினிக்கின் முகப்பில், "நான் சிகரெட்டை நிறுத்த வேண்டும்" என்று சொன்னாலே போதும். குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கின் வழக்கமான 1 ரிங்கிட் கட்டணம்தான்.

முதல் சந்திப்பில் திட்ட மாட்டார்கள். சில கேள்விகள் கேட்பார்கள். முக்கியமான கேள்வி: காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்? 5 நிமிடத்துக்குள் என்றால் நிக்கோட்டின் பிடி பலமானது. மருந்து உதவி தேவைப்படலாம். ஒரு கருவியில் ஊதச் சொல்லி மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடு அளவைப் பார்ப்பார்கள். விட்ட ஓரிரு நாளில் அந்த எண் இறங்குவதைக் கண்ணால் பார்ப்பது பலருக்கு முதல் வெற்றியாகத் தெரிகிறது.

அடுத்தது தேதி குறிப்பது. நிக்கோட்டின் பட்டையும் மெல்லும் வில்லையும் விட்ட அன்று தொடங்கும். வரெனிக்லின் மாத்திரை பொதுவாக அதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்கும். எது பொருந்தும் என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

மெல்லும் வில்லையைச் சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருப்பதுதான் நம்மவர்கள் செய்யும் தவறு. அப்படி மென்றால் நிக்கோட்டின் வயிற்றுக்குள் போய் விக்கலும் குமட்டலும் வரும். மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்தில் அடக்கிக்கொள்ள வேண்டும். வெற்றிலை அடக்கிப் பழகிய பாட்டிகளுக்கு இது சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் எச்சிலை விழுங்கிக்கொண்டே இருக்கக்கூடாது. காப்பி குடித்து 15 நிமிடம் ஆகாமல் வில்லையை வாயில் போடவும் கூடாது.

மருந்தோடு பேச்சும் சேர வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம். எந்த நேரத்தில் ஆசை வருகிறது, யாரோடு இருக்கும்போது, எந்தக் கவலை வந்தால் என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் மாற்று ஒன்றை நோயாளியோடு சேர்ந்து தீர்மானிப்பார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2024 ஜூலையில் புகையிலையை விடுவதற்கான தன் முதல் மருத்துவ வழிகாட்டியை வெளியிட்டது. மருந்தையும் நடத்தை ஆதரவையும் சேர்த்துத் தருவதையே அது பரிந்துரைக்கிறது. எந்த உதவியும் இல்லாமல் தானாக முயல்பவர்களில் 6 மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர் என்பது பழைய ஆய்வுகளின் கணக்கு.

வெற்றிலையோடு புகையிலை போடும் பெண்களும் இதே உதவியைக் கேட்கலாம். அவர்களையும் பிடித்திருப்பது அதே நிக்கோட்டின்தான். வேப் பிடிக்கும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும்.

மனத்தைப் பற்றியும் சொல்லுங்கள்

கிளினிக்கில் பலர் இருமலைச் சொல்வார்கள், மனத்தைச் சொல்வதில்லை. 'பைத்தியம் என்று எழுதிவிடுவார்களோ' என்ற பயம் ஒரு காரணம். மொழி இன்னொரு காரணம். மகனையோ மகளையோ துணைக்கு அழைத்துப்போய் மலாய் பேசச் சொல்லும் அப்பா, 'சில இரவுகளில் உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை' என்று பிள்ளையின் வாயால் எப்படிச் சொல்லவைப்பார்? தமிழ் பேசும் தாதியோ மருத்துவரோ இருக்கிறாரா என்று முகப்பில் கேட்பதில் தவறில்லை. பிள்ளையைச் சற்று வெளியே இருக்கச் சொல்வதும் தவறில்லை.

மனச்சோர்வை அளக்க 'பிஎச்கியூ-9' என்ற 9 கேள்விப் படிவம் பயன்படுகிறது. கடந்த 2 வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, தூக்கம் எப்படி, பசி எப்படி, தன்னைப் பற்றியே வெறுப்பு வந்ததா என்று கேட்கும். பதிலைப் பொறுத்து ஆலோசனையோ சிகிச்சையோ தருவார்கள். தேவைப்பட்டால் கடிதம் கொடுத்து மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. புகையை விடுவதும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுவதும் ஒரே நேரத்தில் நடக்கலாம். ஒன்று முடியும்வரை மற்றது காத்திருக்க வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டிய எல்லை ஒன்று உண்டு. விட்டு 4 வாரம் ஆன பிறகும் சோர்வு குறையாமல் கூடிக்கொண்டே போனால், வேலைக்குப் போக முடியாமல் படுத்தே கிடந்தால், அது வெறும் நிக்கோட்டின் விலகலாக இல்லாமல் இருக்கலாம். மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் எண் 03-7627 2929 நாள் முழுவதும் இயங்குகிறது. தாலியான் காசே எண் 15999. உயிருக்கு ஆபத்து என்றால் 999.

தோட்டத்து ஆளுக்கு நேரம் ஒரு பெரிய தடை. கிளினிக் நடப்பது வார நாளில், அலுவலக நேரத்தில். பகாவிலோ ரந்தாவிலோ உள்தோட்டத்தில் இருப்பவருக்குப் போக்குவரத்துச் சிரமம் வேறு. குலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு அரைநாள் போனால் அரைநாள் வருமானம் போகும். பிரஷர் மருந்து எடுக்கும் நாளிலேயே இந்தச் சந்திப்பையும் வைக்க முடியுமா, இடையில் தொலைபேசியில் பேச முடியுமா என்று முதல் நாளிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. மண்டோரிடமும் கிராணியிடமும் காரணத்தைச் சொல்லிவிட்டுப் போகலாம். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது

விட முயல்பவரிடம் தினமும் "இன்னைக்குப் பிடிச்சீங்களா?" என்று விசாரணை நடத்தினால் அவர் ஒளித்துப் பிடிக்கத்தான் கற்றுக்கொள்வார். "இன்னைக்கு எப்படிப்பா இருந்துச்சு?" என்ற கேள்வி வேறு வகை. பதிலில் வேலையிடத்துச் சண்டை வரலாம், கடன் வரலாம். அதைக் கேட்பதே பாதி உதவி.

முதல் 3 நாள் அவர் சீறுவார் என்று வீட்டில் எல்லாரும் முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். அந்த வாரத்தில் பெரிய வாக்குவாதங்களைத் தள்ளிப்போடலாம். பசியாறியதும் சிகரெட் பிடிக்கும் பழக்கம் இருந்தால், பசியாறியதும் எழுந்து நடக்க ஒரு வேலை வைக்கலாம். ஆசை வரும் அந்த ஐந்து பத்து நிமிடத்தில் குளிர்ந்த நீர் குடிப்பது, முகம் கழுவுவது, ஆழமாக மூச்சு விடுவது, யாருக்காவது போன் செய்வது எல்லாம் பலன் தரும். சம்சுவும் பீரும் இருக்கும் கூட்டத்தைச் சில வாரங்கள் தவிர்க்க வேண்டும். இரண்டாவது கிளாஸில் உறுதி கரைந்துவிடும்.

நண்பர்களுக்கும் பங்கு உண்டு. மாலை போட்டவரிடம் சிகரெட்டை நீட்ட மாட்டோம் என்ற நாகரிகம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. மாலை இல்லாமல் விட முயல்பவரிடமும் அதே நாகரிகத்தைக் காட்டினால் போதும்.

ஒன்று பிடித்துவிட்டால்?

ஒரு நாள் தவறி ஒன்று பிடித்துவிட்டால் 'எல்லாம் போச்சு' என்று ஒரு பாக்கெட் வாங்குகிறார்கள். விரதத்தில் இருக்கும் கணக்கு அது: ஒரு முறை பிசகினால் விரதம் முறிந்தது. மருத்துவத்தில் அந்தக் கணக்கு இல்லை. ஒரு சிகரெட் ஒரு சறுக்கல். எங்கே சறுக்கியது என்று பார்த்துவிட்டு அன்றே தொடரலாம். 2016இல் வெளிவந்த ஒரு கனடா ஆய்வு, புகைப்பவர் ஒருவர் முழுமையாக விடுவதற்கு 30 முயற்சிகள்கூட ஆகலாம் என்று கணக்கிட்டது. நான்கு முறை தோற்றவர் தோல்வியாளர் இல்லை. அவர் பாதி வழியில் இருக்கிறார்.

கிளினிக்குகள் 6 மாதம் தொடாமல் இருந்தால்தான் 'விட்டவர்' என்று கணக்கிடுகின்றன. 48 நாள் இருந்தவருக்கு அதில் கடினமான பகுதி முடிந்துவிட்டது. மீதி நாலரை மாதத்துக்குத்தான் துணை வேண்டும்.

அடுத்த முறை மாலை போடுபவர்கள், கழற்றும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே கிளினிக்கில் தேதி வாங்கி வைத்துக்கொள்ளலாம். மாலை இறங்கும் நாளில் சட்டைப் பையில் அந்த அட்டை இருக்கட்டும். உடன் விரதம் இருந்த நண்பர்கள் வாரம் ஒருமுறை கோயில் வாசலிலேயே சந்தித்து, "எப்படிப் போகுது அண்ணே?" என்று கேட்டுக்கொள்ளட்டும். காவடி இறக்கிய மறுநாளும் தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால், ஒட்டுக்கடையில் பாக்கெட்டை நீட்டும் நண்பரிடம் "வேணாம்பா" என்று சொல்வது அவ்வளவு கடினமாக இருக்காது.